டெப்லட்டில் பிழை இல்லை

பார்த்தேன். உன் வீடியோவை முழுவதும் பார்த்தேன். முதல் தடவை பாடசாலை இடைவேளையில், ஆசிரியர் அறையில், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. இரண்டாம் தடவை வீட்டில், அடுப்பை அணைத்துவிட்டு. நல்லா இருக்கு என்று நேற்று உனக்கு அனுப்பினேனே, அது பொய் இல்லை. பதிலும் இல்லை.

மேடையில் கிட்டார் வாசிப்பவனுக்கு டெப்லட் நல்லதா, கம்பியூட்டர் நல்லதா என்று அவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறாய். விரல் கம்பியைத் தொடுவதற்கும் ஒலிபெருக்கியில் சத்தம் வருவதற்கும் இடையில் எவ்வளவு தாமதம் என்று ஒரே வரியை இரண்டிலும் வாசித்துக் காட்டியிருக்கிறாய். புவியியல் படிப்பிக்கிற எனக்கே விளங்கியது. பாதிக்கு மேல் போன பிறகு கமராவை நேரே பார்த்துச் சொல்கிறாய்: "மாலைதீவு ஹோட்டலுக்கு ஆள் எடுத்த அண்டைக்கு எனக்கு நடந்தது சில பேருக்குத் தெரியும். பாட்டுக்கு நடுவில வீட்டில இருந்து போன் கோல் வந்துது. அம்மாவில பிழை இல்ல. டெப்லட்டில தான் பிழை. கம்பியூட்டர் எண்டா அந்தக் கோல் வந்திருக்காது." கடைசியில், சிரித்துக்கொண்டு: "இது தான் என்ட கடைசி வீடியோ. நான் மேடைக்குச் சரியான ஆள் இல்ல. டோஹாவில ஒரு ஸ்டோர்ல வேலை கிடைச்சிருக்கு. போறன்." கீழே பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அம்மா பாவம். அம்மாமார் அப்படித்தான் ப்ரோ. ஒருவன் தன்னுடைய டெப்லட்டை விற்கப்போகிறானாம்.

டெப்லட்டில் பிழை இல்லை, மகன். பிழை என்னில். தெரியாமல் செய்த பிழையும் இல்லை. இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ என்னை மன்னித்தது எல்லோருக்கும் முன்னால். நான் வாங்கிக்கொண்ட அந்த இரக்கமும் எல்லோருக்கும் முன்னால். ஆகவே இதையும் அவர்கள் வாசிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பிளேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இரண்டு வருடம் இதே வீட்டில், எனக்கு எதிரே இருந்து சோறு சாப்பிட்டாய். நான் சொல்லவில்லை.

அந்த டெப்லட் வீட்டுக்கு வந்தது உனக்காக இல்லை. பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில் நான் பாடம் நடத்த வாங்கியது. சிம் போடக்கூடியதாகப் பார்த்து வாங்கினேன், அப்போது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் சிக்னல் கிடைத்த வீடு இது. பாடசாலை திறந்ததும் அது உன் கைக்குப் போனது, போனும் உனக்கு அதுதான். கிட்டாரிலிருந்து ஒரு வயர், நடுவில் கை அளவு பெட்டி, அங்கிருந்து டெப்லட். ஒரு நாள் மத்தியானம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உன் அறையில் யாரோ பெரிய கோயிலுக்குள் இருந்து வாசிப்பது போல ஒரு சத்தம். எழும்பி வந்து பார்த்தால் நீ கட்டிலில் சப்பாணி கட்டிக்கொண்டு இருக்கிறாய், முன்னால் என்னுடைய டெப்லட். "என்னடா இது?" என்றேன். "எதிரொலி, அம்மா. இதுக்குள்ள மண்டபம் இருக்கு," என்றாய். அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் வீடியோவில் சொல்லாத இரண்டு விஷயங்களை நான் சொல்கிறேன், நியாயத்துக்காக. முதலாவது, கோயில் திருவிழாவின் ஆறாம் நாள். அன்று நீ, உன்னோடு டிரம்ஸ் வாசிக்கும் ரிஸ்வான் கொண்டுவந்த லெப்டொப்பில் வாசித்தாய். அவன் மதுரங்குளியிலிருந்து டிரம்ஸை ஒரு ஓட்டோவிலும் லெப்டொப்பை மடியிலும் வைத்துக்கொண்டு வந்தவன். இரண்டாவது பாட்டில் ஜெனரேட்டர் இழுத்தது. லைட்டெல்லாம் மஞ்சளாகி மறுபடி வந்தது. லெப்டொப்பின் பழைய பற்றரி தாங்கவில்லை, அணைந்து, திரும்பக் கிளம்பி, மேடையில் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. ரிஸ்வான் மைக்கை எடுத்து, "கம்பியூட்டருக்கு மயக்கம் வந்துட்டு. ஐயாமாரே, கண்ணூறு கழிய ஒரு தேசிக்காய் வெட்டுங்க," என்றான். சனம் சிரித்தது. நீ ஓடிவந்து என் கைப்பையிலிருந்த டெப்லட்டைப் பறித்துக்கொண்டு போனாய். ஒரு நிமிடத்துக்குள் வாசித்தாய். அன்று உன்னைக் காப்பாற்றியது அது.

இரண்டாவது, கற்பிட்டியில் கடற்கரை ஹோட்டல் கலியாணம். பகல் இரண்டு மணி. வெயிலில் வைத்த டெப்லட் சூடு தாங்காமல் திரையை இருட்டாக்கிவிட்டது. ரிஸ்வான் கேக் தட்டால் அதற்கு விசிறிக்கொண்டிருந்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஆக இரண்டும் காலை வாரும். கம்பியூட்டருக்குக் கரண்ட் வேண்டும், இடம் வேண்டும், உப்புக்காற்று அதன் விசிறிக்குள் போகும். ஆனால் ஒரு வேலையை மட்டும் செய் என்று அதைக் கட்டிவைக்கலாம். டெப்லட் பாரமில்லை, தன் பற்றரியில் நிற்கும். ஆனால் அதற்குள் உலகமே இருக்கிறது. எவரும் கதவைத் தட்டலாம். அதற்குத்தான் பிளைட் மோட் என்று நீயே சொல்கிறாய். மேடைக்கு ஏற முன்னம் ஒரு தட்டு. அவ்வளவுதான். அது உனக்குத் தெரியாததா? தெரியும். அன்று ஏன் போடவில்லை என்பதை மட்டும் வீடியோவில் ஒரு வரியில் கடந்து போகிறாய்: "எங்கட வீட்டில ஒரு பழக்கம் இருக்கு."

அந்தப் பழக்கத்தைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் கரையில், வீட்டு ஆள் கடலில் இருந்தால் அந்த வீட்டில் ஒரு போனும் அணையக்கூடாது. பற்றரி இறங்கவும் விடக்கூடாது. கரண்ட் போனால் கடையில், ஓட்டோவில், எங்கேயாவது கொண்டுபோய்ச் சார்ஜ் போடுவோம். பக்கத்து வீட்டில் ஒரு பெண் பிரசவத்துக்குப் போனபோதும் கையில் போனோடுதான் போனாள், புருஷன் கடலில். நீ படிக்கும் காலத்தில் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே போனை அணைக்கச் சொன்னபோது அழுதாய். அப்பா அன்று கடலில் இருந்தார். உனக்குப் பதினொரு வயது. அந்தப் பயத்தை உனக்குள் வைத்தது நான். வைத்த இடமும் எனக்குத் தெரியும்.

இனி இரண்டு வருடத்துக்கு முந்திய அந்த நாள். நீர்கொழும்புப் பக்கத்து ஹோட்டல். மாலைதீவிலுள்ள அவர்களுடைய ஹோட்டலுக்கு ஒரு வருட ஒப்பந்தம். வாசித்துக் காட்ட உனக்கும் ரிஸ்வானுக்கும் தந்த நேரம் பின்னேரம் மூன்று மணி. பன்னிரண்டு மணிக்கு நீ எனக்குப் போன் எடுத்தாய். "அம்மா, அப்பா வந்துட்டாரா? வந்துட்டார் எண்டா நான் பிளைட் மோட்ல போட்டுட்டு வாசிக்கலாம்." உன் அப்பா காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். மீனை ஏற்றிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, உள்ளறையில் படுத்திருந்தார். நான் சொன்னேன்: "இல்ல மகன், இன்னும் வரல்ல. போனையும் விட்டுட்டுப் போயிட்டார். அணைக்காத." "சரி அம்மா," என்றாய். "பயப்படாதீங்க," என்றாய். என்னிடம்.

அதுவரைக்கும் நான் எதையும் தீர்மானிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன்.

ரிஸ்வான் தன் போனை ஸ்டாண்டில் குத்திவைத்து வீட்டாட்கள் பார்க்கட்டும் என்று நேரலை விட்டிருந்தான். என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் மேசையில் இரண்டு பேர், ஒருவர் எதையோ எழுதுகிறார். முதல் பாட்டு முடிய அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்க்கத் தொடங்கினார். இரண்டாவது பாட்டு, அந்த மெதுவானது. நீ காலால் எதிரொலியைக் கூட்டினாய். கண்ணை மூடியிருந்தாய். நீ போய்விட்டாய் என்று எனக்கு விளங்கியது. இனி ஒப்பந்தம், பாஸ்போர்ட், பிளேன் எல்லாம் வெறும் வேலைகள். போவது நடந்து முடிந்துவிட்டது. அடுப்பு மேடையில் சார்ஜில் கிடந்த அப்பாவின் போனை எடுத்தேன். டெப்லட்டின் சிம் இலக்கத்தை அழுத்தினேன்.

நேரலை கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு காதில் மணி அடித்தது. இரண்டு தரம். பிறகு உன் குரல், மூச்சு வாங்க: "அப்பா? அப்பாவா?" மற்றக் கையில், திரையில், நீ இன்னும் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்கிறாய். "மகன், நான் தான். அப்பாவை இன்னும் காணல்ல," என்றேன். "நான் வாறன் அம்மா, நான் வாறன்," என்று காதில் சொல்கிறாய். திரையில் ஒரு கம்பியை மெல்ல இழுத்து வளைக்கிறாய், மேசையில் இருந்தவர் தலையாட்டுகிறார். போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் திரையில் அது வந்தது. மண்டபம் முழுக்க என் மணி. நீ கண்ணைத் திறந்தாய். டெப்லட்டில் "அப்பா" என்று எழுதியிருப்பதைக் குனிந்து பார்த்தாய். கிட்டாரோடு வயர் இழுபட, பெட்டி கீழே விழ, டெப்லட்டைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு வெளியே ஓடினாய். ரிஸ்வான் கொஞ்ச நேரம் தனியே தாளம் போட்டான். பிறகு அவனும் நிறுத்தினான். செய்துமுடித்த ஒன்றை, அது இன்னும் நடக்காதது போல உட்கார்ந்து பார்த்தேன்.

உடனே திருப்பி எடுத்து, அப்பா வந்துட்டார், போய் வாசி என்று சொல்லியிருக்கலாம். மூன்று நிமிடம் போதும். ரிஸ்வான் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான், அதுவும் நேரலையில் கேட்டது. நான் எடுக்கவில்லை. நீ பஸ் ஏறியதாகச் செய்தி அனுப்பினாய். நீ பாதி வழியில் சிலாபம் தாண்டும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு எடுத்தேன்: "வந்துட்டார் மகன். எஞ்சின் பழுதாம்." பஸ்ஸுக்குள் நீ சத்தமாக அழுதாய். சந்தோஷத்தில்.

அப்பா எழும்பி வந்ததும் சொன்னேன், "மகன் வாறான். எஞ்சின் பழுதாகிச் சுணங்கினது எண்டு சொல்லுங்க." என்னைப் பார்த்தார். "ஏன்?" என்றார். "சொல்லுங்க," என்றேன். முந்தலில் இறங்கி ஓட்டோ பிடித்து நீ வந்தபோது அவர் வாசலில் கதிரையில் இருந்தார். நீ அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாய். "எஞ்சின் கொஞ்சம் சுணங்கிட்டு, தம்பி," என்றார். அவர் உன் தலையில் கை வைக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கையைக் கதிரையில் வைத்திருந்தார்.

ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும். பயம் என்று சொன்னால் எனக்கு வசதி, கீழே எழுதும் பிள்ளைகள் அதையும் மன்னித்துவிடுவார்கள். நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தபோது விடுதிக்கு ஒரு செய்தி வந்தது: அம்மாவுக்குச் சுகமில்லை, கடுமை, உடனே வா. அந்த வாரம் எனக்கு ஒரு நேர்முகம் இருந்தது, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு. போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் அம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தா. "இப்ப சுகம்," என்றார் என் அப்பா. நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடமே கலியாணம். ஆகவே எனக்கு அந்த முறை தெரியும். எப்படிச் சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும், எப்போது "இப்ப சுகம்" என்று முடிக்க வேண்டும். ஒருநாளும் என் பிள்ளைக்கு இப்படிச் செய்யமாட்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. உன் அறைக்குள் அந்த மண்டபச் சத்தத்தை முதல் நாள் கேட்டபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, மகன். பொறாமை. நான் திரும்பி வந்த வீட்டின் ஒரு மூலையில் கட்டிலில் இருந்தபடியே நீ வெளியே போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ உன் வீடியோவில் டெப்லட்டின் கணக்கில் போட்டிருக்கிறாய். இல்லை. ரிஸ்வான் வேறு கிட்டார்காரனோடு மாலைதீவுக்குப் போனான். போக முதல் நாள் வந்து, "அன்ட்டி, இவன விட்டுட்டுப் போறது எனக்குச் சரியில்ல," என்றான். பிறகு உன் புது லெப்டொப்பைத் தூக்கிப் பார்த்து, "இத ஏத்தினா பிளேன் எழும்பாது மச்சான்," என்றான். நீ சிரித்தாய். நான் தேத்தண்ணி ஊற்றினேன், சீனி போட மறந்து. நீ அந்த லெப்டொப்போடு இரண்டு கலியாணத்துக்குப் போனாய். அதில் சிம் இல்லை, இணையம் இல்லை, எதுவும் வர வழியில்லை. இருந்தும் புத்தளத்துக் கலியாணத்தில் பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டாய். மணி கேட்டது என்றாய். எவரும் கேட்கவில்லை. மூன்றாவது கலியாணத்துக்குப் போகவில்லை. கம்பியூட்டரால் அதைச் சரிசெய்ய முடியவில்லை, ஏனென்றால் பழுது அங்கே இல்லை. அது நான் உன் பதினொரு வயதில் வைத்தது. பிறகு தேவைப்பட்டபோது எடுத்துப் பாவித்தது.

"நான் மேடைக்குச் சரியான ஆள் இல்ல." இந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் போகட்டும். மேடையில் இருந்தவன், அப்பா கடலில் காணாமல் போய்விட்டார் என்று கேட்டு ஓடினான். அது மேடைக்குச் சரியில்லாத ஆள் செய்தது இல்லை. எவனும் செய்வது. உன் கை அன்று ஒரு சுரமும் தவறவில்லை, மேசையில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார், நான் பார்த்தேன். உனக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு மணித்தியாலப் பிளேன் தூரத்துக்குப் போகவிடாமல் பிடித்து, இப்போது பெட்டிகளை எண்ணுவதற்கு டோஹாவுக்கு அனுப்புகிறேன். இதில் எனக்கு லாபம் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் நீ கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாய்.

புத்தி சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை. இருந்தாலும் அம்மாக்கள் நிறுத்தமாட்டார்கள். டோஹாவுக்குப் போவதா விடுவதா என்பதை இதை வாசித்த பிறகு நீயே தீர்மானி. எனக்காக நிற்காதே, என்னில் உள்ள கோபத்தில் போகவும் வேண்டாம். எங்கே போனாலும் கிட்டாரைக் கொண்டு போ. டெப்லட்டோ கம்பியூட்டரோ, கையில் கிடைப்பது போதும். வாசிக்கும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடு. அப்பா கடலில் இருந்தாலும் அணை. கெட்ட செய்தி ஒரு பாட்டு முடியும் வரைக்கும் காத்திருக்கும், அதற்குள் அது மாறிவிடாது. மணி கேட்டால் அது உண்மையான மணி இல்லை என்று இனி உனக்குத் தெரியும். வாசித்து முடி. நான் எடுத்தால், எப்போதாவது எடுத்தால், நான் சொல்வதை இன்னொருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள். மகனுக்குத் தாய் எழுதுகிற வரியா இது? எனக்குத் தெரியவில்லை. எழுத வேண்டிய வரி இதுதான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ ஏற்கெனவே மன்னித்துவிட்டாய், தவறான ஆளை, தவறான காரணத்துக்கு. அதை நீ திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கீழே எழுதியிருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று: டெப்லட்டை விற்க வேண்டாம், தம்பி.

இதை எழுதி முடித்து உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார், கடைசி வரைக்கும் கையை நிறுத்தவில்லை. முடிந்ததும், "நான் படுத்திருந்தன் எண்டு போட்டிருக்கிற," என்றார். ஓம் என்றேன். "நித்திரை இல்ல. நீ என்ட போனை எடுத்ததக் கண்டன். அவனோட கதைச்சதும் கேட்டுது. எழும்பி வந்திருக்கலாம். அதையும் எழுது."

எழுதினேன். இனி முழுவதையும் உன் வீடியோவின் கீழே போடுகிறேன்.